எல்லைக்கல்லைத் தாண்டிப் பன்னிரண்டு எட்டு

பொன்னம்மாளின் கையில் எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு பிடி கூடத்தான் போகும். மைசூர் தேவராஜ மார்க்கெட் வாசலில் பதினெட்டு வருஷம் கீரை விற்ற கை அது. அரைக்கீரை இரண்டு கட்டு கேட்டால், இரண்டு கட்டோடு கொஞ்சம் கொத்தமல்லியும் பையில் விழும். கேட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு பிடி கொசுறு. கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறவர்களுக்கு இரண்டு பிடி. கடை கட்டும் நேரமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். வாடப்போகிற கீரையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது என்று அள்ளி அள்ளிப் போடுவாள். பக்கத்துக் கடைக்காரிகள், இவள் வியாபாரம் செய்ய வந்தாளா தானம் செய்ய வந்தாளா என்று கேலி பேசுவார்கள். பொன்னம்மாள் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு பிடி போடுவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு விமானத்தைக் கொடுத்தார்கள்.

கொடுத்தார்கள் என்றால் ஓட்டுவதற்கு அல்ல, கொடி காட்டுவதற்கு. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து விவசாயிகள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த வருஷம். மருந்து அடிக்கிற கம்பெனி ஒன்று எங்கிருந்தோ ஒரு பழைய குட்டி விமானத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, நஞ்சன்கூடு ரோட்டைத் தாண்டிய ஒரு பண்ணை மைதானத்தில் நிறுத்தியது. மஞ்சள் நிறம், ஒரே ஆள் உட்காரலாம், வயிற்றில் மருந்துத் தொட்டி. பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொன்னம்மாளின் புருஷன் கிருஷ்ணராஜுக்கு, மருந்து கலக்கித் தொட்டியை நிரப்பவும் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றவும் வேலை கிடைத்தது. எந்த வரிசையில் பறக்க வேண்டும் என்று பைலட்டுக்குக் காட்டுகிற கருவி இரண்டாவது வாரமே கண்ணை மூடிவிட்டது. புதுக் கருவி வரும்வரை வயல் ஓரத்தில் கொடியோடு நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மார்க்கெட் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி பிடித்துப்போயிருந்த பொன்னம்மாள், நிற்கிற வேலைதானே என்று கிளம்பிவிட்டாள்.

வேலை இதுதான். மழைக்கோட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, நீள மூங்கிலில் கட்டிய சிவப்புக் கொடியோடு வயலின் கடைசியில் நிற்க வேண்டும். விமானம் கொடியைப் பார்த்து நேராக வரும். சோளக் கதிரைத் தொட்டுவிடுகிற மாதிரி தாழ்ந்து மருந்தைப் பொழிந்துகொண்டு வந்து, தலைக்கு மேலே ஏறித் திரும்பும். அது திரும்பி வருவதற்குள் பன்னிரண்டு எட்டு வைத்துக் காற்று வருகிற பக்கமாக நகர்ந்து நின்றுகொள்ள வேண்டும். இப்படியே நகர்ந்து நகர்ந்து எல்லைக்கல் வந்ததும், கொடியைப் படுக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்த வயல் முடிந்தது என்று அர்த்தம். மேலே இருக்கிறவருக்கு யாருடைய நிலம், எவ்வளவு நிலம் என்பதெல்லாம் தெரியாது. கொடி நின்றால் வருவார், படுத்தால் போய்விடுவார்.

மேலே இருந்தவர் ஸ்ரீவத்ஸ். மேலுகோட்டை வழி வந்த ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, முப்பத்திரண்டு வயது, சரஸ்வதிபுரத்தில் வீடு. பொன்னம்மாளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். பறக்கும் முன் அவர் எதுவும் சாப்பிடுவதில்லை. ஒன்பதரை மணிக்கு இறங்கியதும் முதல் வேலையாக, பொன்னம்மாள் கொண்டுவந்திருக்கிற அரிசிம்பருப்புச் சோற்றில் பங்குக்கு உட்கார்ந்துவிடுவார். பதிலுக்கு அவர் மனைவி மானஸா ஒரு டப்பா புளியோதரை கொடுத்தனுப்பியிருந்தாள். டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று பொன்னம்மாள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

கொசுறு ஆரம்பித்தது தேவம்மாவால். கம்பெனியில் பெயர் எழுதியவர்கள் எல்லாம் பத்து ஏக்கர், இருபது ஏக்கர்க்காரர்கள். அந்தப் பெரிய வயல்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற அரை ஏக்கர், கால் ஏக்கர்க்காரர்களை யாரும் எழுதவில்லை. தேவம்மாவுக்கு அரை ஏக்கர். புருஷன் இல்லை. அவளுடைய சோளக் குருத்துக்குள் புழு மரத்தூள் கொட்டின மாதிரி கழித்துப்போட்டிருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, மருந்து விழுகிற வயலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறவர்களைப் பொன்னம்மாளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். தொட்டியில் எப்படியும் அடிமருந்து மிச்சம் இருக்கும், மைதானத்து மூலையில் கொட்டத்தான் போகிறார்கள். எல்லைக்கல் வந்தது. பொன்னம்மாள் உட்காரவில்லை. கல்லைத் தாண்டிப் பன்னிரண்டு எட்டு வைத்துக் கொடியை நிமிர்த்தினாள். விமானம் வந்தது, தேவம்மாவின் சோளத்தில் மருந்து விழுந்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது.

அதன் பிறகு தினமும் மூன்று சுற்று, நான்கு சுற்று எல்லைக்கல்லைத் தாண்டிப் போயிற்று. மார்க்கெட்டில் கொசுறை யாரும் தராசில் வைப்பதில்லை. இவளும் எண்ணிச் சொல்லவில்லை.

எண்ணியிருக்க வேண்டும். ஏனென்றால் கிருஷ்ணராஜ் பெட்ரோல் ஊற்றுவது நிமிஷக் கணக்கில் அல்ல, லோடு கணக்கில். தொட்டியை ஒருமுறை நிரப்பினால் ஒரு லோடு. காலையில் நான்கு லோடு. அதற்கு இவ்வளவு பெட்ரோல், போதாததற்கு இருபது நிமிஷம் தாங்குகிற அளவு மேலே கொஞ்சம். இதுதான் அவர்கள் வழக்கம். விமானத்தில் பெட்ரோல் காட்டுகிற முள் ஒன்று இருந்தது. அது தன் இஷ்டத்துக்கு ஆடும். அதை யாரும் மதிப்பதில்லை.

ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்று. அந்த ஊரில் கடைசி நாள். மறுநாள் விமானம் ஹுன்சூர் பக்கம் போகிறது என்று தெரிந்ததும், ஓரத்து நிலக்காரர்கள் ஏழு மணிக்கே வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்து மடியில் கட்டினாள். ஒருவர் பேசாமல் கும்பிட்டார். பொன்னம்மாளுக்குக் கடை கட்டும் நேரத்துக் கை வந்துவிட்டது. அங்கே இரண்டு, இங்கே மூன்று என்று அள்ளிவிட்டாள். நாலாவது லோடின் முடிவில் தேவம்மாவின் வயல். இதோடு இனிமேல் வராதே என்று நினைத்து, அதற்கும் மூன்று சுற்று முழுசாகக் காட்டிவிட்டுத்தான் கொடியைப் படுக்க வைத்தாள்.

விமானம் ஏறி மைதானத்தின் பக்கம் திரும்பியது. இரண்டு மைல்கூட இருக்காது. பாதி வானத்தில் அது மூன்று முறை இருமியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

பொன்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் ஒரு வட்டமாக மட்டுமே தெரிந்த காற்றாடி, ஒரு கட்டையாக நின்றுகொண்டிருந்தது. விமானம் விழவில்லை. ஓசையே இல்லாமல் இறங்கிக்கொண்டே போய்த் தென்னந்தோப்புக்குப் பின்னால் மறைந்தது. அவள் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருந்தது.

எண்ணாத கொசுறெல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றது. இன்றைக்கு மட்டும் பதினாலு சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிஷமாவது ஆகும். பெட்ரோல் பங்க்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையைத் தான் கொன்றுவிட்டோம் என்று நினைத்தாள். அப்படியே, அதே வார்த்தையில் நினைத்தாள்.

ஓடினாள். பின்னாலேயே தேவம்மாவும் ஓடிவந்தாள். வாய்க்கால் சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கவிழ்த்து வைத்த அந்த டப்பாதான் கண்ணுக்குள் நின்றது. அதை எந்த முகத்தோடு கொண்டுபோய் மானஸாவிடம் கொடுப்பது? பாதி வழியில் கைபேசி அடித்தது. கிருஷ்ணராஜ்.

"ஏ புள்ள, வண்டி இன்னும் அங்கதான் சுத்துதா? இங்க வர்லியே."

"எறங்கிருச்சுங்க."

"எங்க எறங்கிருச்சு?"

"தோப்புக்கு அக்கட்ட. நெசமா எனக்குத் தெரியலீங்க. நீங்க வாங்க."

தோப்பைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது கூட்டம். மைதானத்துக்கு வந்து பார்க்க நேரமில்லாதவர்களுக்கு விமானமே வீடு தேடி வந்துவிட்டதில், ஆளுக்கொரு கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். உளுந்து எடுத்துவிட்டு நாற்றுக்குக் காத்திருந்த வயல். ஈர மண்ணில் இரண்டு நீளக் கோடு இழுத்துக்கொண்டு வந்து, வரப்பில் மூக்கை வைத்து நின்றது விமானம். காற்றாடியின் ஒரு கை வளைந்திருந்தது. வரப்பின் மேல், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவத்ஸ் உட்கார்ந்திருந்தார். தாடையில் ஒரு வெட்டு. வயல்காரர் நஞ்சுண்டசாமியின் மருமகள் சொம்பிலிருந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் பொன்னம்மாளைப் பார்த்தார். மழைக்கோட்டு, ஒற்றைச் செருப்பு, கையில் இன்னும் நிமிர்ந்து நிற்கிற சிவப்புக் கொடி.

"என்னக்கா, இன்னொரு சுத்து வரணுமா?" என்றார். "டிபன் எங்கே?"

பொன்னம்மாள் வரப்புச் சேற்றில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, சத்தமாக அழுதாள். தேவம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். ஸ்ரீவத்ஸ் எழுந்து, தான் நடப்பதை நொண்டி நொண்டிக் காட்டினார். "பாருங்கோ, முட்டி ஸ்வல்பம் வலிக்கறது, அஷ்டே, அவ்வளவுதான். உங்க முட்டியவிடத் தேவலாம்." அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். பதினைந்து நிமிஷமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போயிற்று. நஞ்சுண்டசாமியின் மருமகள் நீட்டிய மோரை ஒரே மூச்சில் குடித்தாள். அப்படி ஒரு மோரை அதற்கு முன் குடித்ததில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. ஜீப் வந்து நின்றது. கம்பெனி மேனேஜர் சந்துரு முன்னால் குதித்தார். கிருஷ்ணராஜ் பின்னால் இறங்கினான்.

சந்துரு கொள்ளேகால்காரர். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்துச் சிநேகிதத்தில் தமிழ். நல்ல மனுஷன்தான், பயந்தால் கோபம் வரும். ஸ்ரீவத்ஸின் தாடையைப் பார்த்து, கை கால்களைத் தொட்டுப் பார்த்து, ஆள் முழுசாக இருப்பது உறுதியானதும் அந்தக் கோபம் வந்தது. இறக்கை மேல் ஏறிப் பெட்ரோல் மூடியைத் திறந்தார். கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். ஒரு குச்சியை விட்டு எடுத்தார். குச்சி காய்ந்தே வந்தது. மேலேயிருந்தபடியே கிருஷ்ணராஜைப் பார்த்தார்.

"பெட்ரோல் எங்க போச்சு கிருஷ்ணராஜு?"

கிருஷ்ணராஜ் ஜீப்பை ஒட்டியே நின்றான்.

"நேத்து டிரம்ம அளந்தேன். இருக்க வேண்டியதுக்குக் கம்மியா இருக்கு. தினம் ஒரு கேன் வீதம் கொறையுது. சரி, கணக்குல ஏதோ தப்புன்னு நெனச்சேன். இன்னிக்கு வண்டி காலியாகி ஆகாசத்துல நிக்குது. நீ டிரம்முல எடுத்தியா, வண்டியில ஊத்தாம எடுத்தியா? அத மட்டும் சொல்லு. மிச்சத்தப் போலீஸ்ல சொல்லிக்கலாம்."

கூட்டம் கைபேசிகளைக் கிருஷ்ணராஜின் பக்கம் திருப்பியது. அவன் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

பொன்னம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பங்கில் வேலை பார்த்த காலத்தில், வண்டிக்காரர்கள் மறந்துவிட்டுப் போன மூடியைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்து, தேடி வந்தால் கொடுக்கிற ஆள். அவனா கேன் கேனாகப் பெட்ரோல் திருடுவான்? இன்றைக்கு விமானம் நின்றதற்குக் காரணம் தனக்குத் தெரியும். தினம் ஒரு கேன் குறைந்ததற்குக் காரணம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னால் தன் வேலை போகும், ஒருவேளை தன்னையே போலீஸில் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் அவன் திருடன். மகள் அஷ்வினி காலேஜில் படிக்கிறாள். இந்தக் கைபேசிப் படம் சாயங்காலத்துக்குள் அங்கே போய்விடும்.

கொடியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"சாருங்க, அவிய எடுக்கலீங்க. நாந்தேன்."

"நீ பெட்ரோல் எடுத்தியா?"

"பெட்ரோலு இல்லீங்க. சுத்து. எல்லைக்கல்லத் தாண்டிக் கொடி புடிச்சனுங்க. எழுதாத காட்டுக்கெல்லாம் மருந்து அடிக்கவெச்சனுங்க. இன்னிக்கு மட்டும் பதினாலு சுத்து. வாய்க்கா ஓரத்து சீனு காட்டுக்கு ரெண்டு. கரியப்பன் காட்டுக்கு மூணு. புளியமரத்தடிக் காட்டுக்கு நாலு. கோயில் காட்டுக்கு ரெண்டு. இந்தா நிக்கறாளே தேவம்மா, இவளுக்கு மூணு. சாமிக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. கொடியப் பாத்து வந்தாரு. அந்தப் பதினாலு சுத்துலதேன் பெட்ரோலு தீந்துச்சு. என்னைய என்ன பண்ணோணுமோ பண்ணுங்க."

இறக்கை மேல் நின்ற சந்துரு அப்படியே உட்கார்ந்தார். "எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"கொசுறுங்க," என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்து, பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்ரீவத்ஸ் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"சாமிக்கு ஒண்ணும் தெரியாதுன்னா எப்படி அக்கா? மேலேருந்து பார்த்தா எல்லைக்கல் வெள்ளையாத் தெரியாதா? ஒரு மாசமாத் தெரியும். அவங்க பயிரும் பயிர்தானேன்னு நானும் வந்தேன். சந்துரு, எழுதறதானா முதல்ல என் பேரை எழுது. லோடை எண்ணினேனே ஒழிய நிமிஷத்தை எண்ணலை. கையில கடிகாரம் கட்டிண்டு அதைப் பார்க்காதவன் நான். எல்லாருக்கும் மேல அது என் வேலை."

"எல்லாஞ் சரி," என்றார் சந்துரு. குரல் இறங்கியிருந்தது. "டிரம்முல கொறஞ்ச கேன்?"

எல்லோரும் கிருஷ்ணராஜைப் பார்த்தார்கள். அவன் இன்னும் கால்விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னம்மாள் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. எங்க போச்சு அது?"

"வண்டிக்குத்தேன்," என்றான் அவன். "தெனம் ஒரு கேன் சேத்தி ஊத்துனன்."

"எதுக்கு?"

"நீ கொடி புடிச்ச மொத வாரமே வண்டி வர்ற நேரம் தள்ளித் தள்ளிப் போச்சு. காத்துமில்ல, மழையுமில்ல. எதுக்குத் தள்ளுதுன்னு ரோசன பண்ணுனன். பதினெட்டு வருசமா உன்ற தராசப் பாக்கறன். நீ என்னிக்கு நெறுத்ததோட உட்டிருக்கற? கொடி உன்ற கையில இருக்குது. மூணு நாலு சுத்து போவும்னு அதுக்கு ஒரு கேன் ஊத்துனன். இன்னிக்குப் பதினாலு போவும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா எங்கிட்டக் கேக்கறதில்லியா?"

"கேட்டா நீ நிறுத்திப்போடுவ," என்றான். பிறகு, சந்துருவுக்குக் கேட்காத மாதிரி, "தேவம்மா காடு பச்ச கட்டிருச்சு. நானும் போயிப் பாத்தன்," என்றான்.

பொன்னம்மாளுக்கு மறுபடி அழுகை வந்தது. திருடன் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்க, இவள் பெயர் வெளியே வரக் கூடாது என்று அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, கொடிக்கம்பால் இரண்டு போட வேண்டும்போலவும் இருந்தது. அத்தனை பேர் நின்றதால் இரண்டும் நடக்கவில்லை.

சந்துரு இறக்கையிலிருந்து இறங்கி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பொன்னம்மாளைப் பார்த்தார். "நீ உன் வீட்டுக்காரருகிட்டச் சொல்லல. அவரு உங்கிட்டச் சொல்லல. இவரு யாருகிட்டயும் சொல்லல. மூணு பேரும் நல்லவங்க. நல்லவங்க சேந்து ஒரு ஆளக் கொல்லப் பாத்தீங்க," என்றார். கிருஷ்ணராஜின் தோளில் கை வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. கை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அதுவரை பொறுமையாக நின்றிருந்த நஞ்சுண்டசாமி அப்போதுதான் முன்னால் வந்தார். வரப்பு உடைந்ததைப் பற்றிப் பேசப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ விமானத்தின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, உள்ளே மருந்து ஏதாவது மிச்சம் இருக்கிறதா, தனக்கும் பக்கத்தில் கால் ஏக்கர் சோளம் இருக்கிறது என்று கன்னடத்தில் மெல்ல விசாரித்தார். சந்துரு அவரைப் பார்த்த பார்வையில் ஸ்ரீவத்ஸுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. தாடை வெட்டு வலிக்க வலிக்கச் சிரித்தார். ஒருவரைப் பார்த்து ஒருவராகக் கூட்டமே சிரித்தது. கடைசியில் சந்துருவும் சிரித்தார்.

விமானத்துக்குப் புதுக் காற்றாடி வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் மூவரும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ஸ்ரீவத்ஸைப் பத்து நாள் பறக்கக் கூடாது என்றார்கள். அந்தப் பத்து நாளும் விமானமே பறக்கிற நிலைமையில் இல்லை. ஆடுகிற முள்ளை மாற்றிப் புது முள் வைத்தார்கள். கொடியைப் பொன்னம்மாளிடமிருந்து வாங்கிவிடுவதா என்று யோசித்த சந்துரு, வேறு ஆள் கிடைக்காததாலோ என்னவோ அவளிடமே விட்டுவிட்டு, ஒரு சட்டம் போட்டார். ஓரத்து நிலங்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து சுற்று வரை கம்பெனி கொடுக்கும். எத்தனை என்று பெட்ரோல் ஊற்றும் முன் வாயைத் திறந்து எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு எட்டு வைத்தாலும் கொடி போய்விடும்.

ஹுன்சூர் பக்கத்தில் முதல் நாள். காலை ஆறே கால் மணி, புல்லெல்லாம் பனி. மானஸாவின் டப்பா நிறைய அரிசிம்பருப்புச் சோறு ஜீப்பின் சீட்டில் இருந்தது; இறங்கினதும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், வழியில் திறக்கக் கூடாது என்று ஸ்ரீவத்ஸிடம் பொன்னம்மாள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். அவர் கையில் புதிதாக ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. கிருஷ்ணராஜ் இறக்கை மேல் நின்று நான்கு லோடுக்கானதை ஊற்றி முடித்துவிட்டு, கேனைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

"இன்னிக்கு எத்தனைங்கற?"

பொன்னம்மாள் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு யோசித்தாள். "நாலு," என்றாள். பிறகு, "அஞ்சு வெச்சுக்குங்க," என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

அவன் கேனைச் சாய்த்து ஐந்துக்கானதை ஊற்றினான். குச்சியை விட்டுப் பார்த்தான். சரியாக இருந்தது. மூடப் போனவன் நிறுத்தி, குனிந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

"அது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"அது என்ற கொசுறு," என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணராஜ் மூடியை இறுக்கித் திருகினான்.